தண்ணீர் போன வழி

உங்கள் வீட்டுக் குக்கரின் ரப்பர் வளையத்தைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஞாபகம் இல்லை அல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது, சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வேப்பூர் கூட்டுரோட்டில் இரண்டு மணி நேரம் நிற்கும்வரை.

நான் எழுதப் போவது ஒரு பழைய பிக்கப் வண்டியைப் பற்றி. ரேடியேட்டர், ஹோஸ், ஹெட் கேஸ்கட் என்றெல்லாம் வார்த்தைகள் வரும். "இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டித் தொடர்கதைக்குத் தாவிவிடாதீர்கள். தொடர்கதையின் கதாநாயகி எப்படியும் அடுத்த வாரம் வரை அபாயத்தில்தான் இருக்கப் போகிறாள். பத்து நிமிஷம் காத்திருப்பாள். நான் சொல்லப் போவதோ முக்கால்வாசி சமையலறைச் சமாசாரம்.

நவராத்திரிக்கு இரண்டு வாரம் இருந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளைப் பற்றி எழுதிக்கொண்டு வரும்படி காரியாலயத்தில் என்னை அனுப்பியிருந்தார்கள். நெய்வேலியில் 1956-ல் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டதல்லவா? பழுப்பு நிலக்கரிக்காக அங்கே பூமியைத் தோண்டினால் வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பக்கத்திலிருக்கும் விருத்தாசலத்தில் அந்த மண்ணை நம்பிப் பீங்கான் தொழில் வேரூன்றிவிட்டது. அதைக் கற்றுக்கொடுக்க ஓர் அரசாங்கக் கல்லூரியே அங்கு இருக்கிறது.

பொம்மை செய்வதைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாது. களிமண்ணைப் பாயசம் போலக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, ஓரமெல்லாம் மண் ஆடை போலப் படிகிறது. மிச்சத்தைக் கவிழ்த்து, அச்சைப் பிரித்தால் உள்ளே பொள்ளலாக ஒரு பிள்ளையார்! அவரைப் பக்குவமாக உலர்த்திப் பிறகு சூளையில் ஏற்றுகிறார்கள். உடம்பில் ஈரம் தங்கிவிட்டால் சூளைச் சூட்டில் பிள்ளையார் வெடித்துப் போவார். "தண்ணி போற வழி தெரிஞ்சாத்தாம்மா பொம்மை நிக்கும்" என்றார் அங்கே ஒரு பெரியவர். அழகான வாக்கியம் என்று நோட்டில் குறித்துக்கொண்டேன். அது பொம்மைக்கு மட்டும் சொன்னது என்று அப்போது நினைத்தேன்.

சென்னைக்குத் திரும்ப நான் வேப்பூர் போய்ப் பஸ் பிடிக்க வேண்டும். விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் சாலை, சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை வேப்பூரில்தான் குறுக்கே வெட்டுகிறது. பொம்மைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் புறப்பட்ட ஒரு பிக்கப் வண்டியில், "கூட்டுரோட்டிலே இறக்கி விட்டுடறோம், வாங்க மேடம்" என்று இடம் கொடுத்தார்கள். ஓட்டுகிறவரே வண்டியின் சொந்தக்காரர். பக்கத்தில் அவர் மனைவி. அவளுக்குப் பக்கத்தில் நான்.

அவளுக்கு முப்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்ததும் என் கண்ணில் பட்டது அவளுடைய காதுதான். தோடு இருக்க வேண்டிய இடத்தில் வேப்பங்குச்சி செருகியிருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதது போல வெளியே மக்காச்சோளக் கொல்லைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். சாலையோரத்தில் அங்கங்கே சோளம் காயப் போட்டிருந்தார்கள். அதன் சருகும் தூசியும் எங்களோடு பிரயாணம் செய்தன.

வேப்பூர் நெருங்கும்போது, வண்டியின் முன்பலகையில் சூடு காட்டும் முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. டிரைவர் பேச்சை நிறுத்தினார். அடுத்த நிமிஷம் வண்டியின் முன்பக்கத்திலிருந்து புஸ்ஸென்று ஆவி! கூட்டுரோட்டு ஓரமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

வேப்பூரில் வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை. விடியற்காலையிலேயே வியாபாரம் முடிந்துவிடும். ஆனாலும் வாங்கிய ஆடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிலர் இன்னும் நின்றிருந்தார்கள். ஆடுகள் எங்களை அனுதாபத்தோடு பார்த்தன.

இந்த இடத்தில் நான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவள். கையில் ஒரு லிட்டர் குளிர்ந்த தண்ணீர் வைத்திருந்தேன். இறங்கிப் போய், "அண்ணே, இந்தாங்க. மூடியைத் திறந்து சட்டென்று ஊற்றுங்கள், சூடு தணியும்" என்று நீட்டினேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, வேணாங்க்கா! விசில் அடங்காத குக்கரை நீங்க தொறப்பீங்களா?"

டிரைவர் பேசாமல் முழங்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையில் தோல் சுருங்கி வெளுத்திருந்தது. "ஆனி மாசத்துலே தொறந்துட்டேன் மேடம். ஆவி அடிச்சுடுச்சி" என்றார்.

வெட்கமாகப் போய்விட்டது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கு வாங்கியவள் நான். ரேடியேட்டருக்குள் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலே போயும் கொதிக்காமல் அடங்கிக் கிடப்பது மூடியின் அழுத்தத்தால்தான். அந்த மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே கணத்தில் பொங்கி முகத்தில் அடிக்கும். தவிர, பழுக்கக் காய்ந்த இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இரும்பு விரிசல் விடவும் கூடும். அடுப்பில் காய்ந்த கண்ணாடிப் பாத்திரத்தைக் குழாயடியில் காட்டுவது போலத்தான். இவ்வளவும் தெரிந்த எனக்குத் தோன்றாதது, பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு நிறுத்திய அந்தப் பெண்ணுக்குத் தோன்றியது.

இன்ஜின் ஆற வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம். ஊர்ப் பெயருக்கு ஏற்றாற்போல் சாலையோரம் ஒரு வேப்பமரம் இருந்தது. அதன் நிழலில் டீ குடித்துக்கொண்டே அவள் கதையைச் சொன்னாள்.

நாலு மாதமாக வண்டி தண்ணீர் குடிக்கிறதாம். எத்தனை ஊற்றினாலும் குறைகிறது. தரையில் ஒரு சொட்டுக்கூடக் காணோம். ஒரு பட்டறையில் காட்டினார்கள். "வெளியே ஒழுகலே, அப்போ உள்ளே குடிக்குது. ஹெட் கேஸ்கட் போயிருக்கும். ஹெட்டை இறக்கி ஃபேசிங் போடணும். 30,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். வண்டிக்கு மாதத் தவணை பாக்கி. நவராத்திரி, தீபாவளி இரண்டு மாதம்தான் பொம்மை வாடகை நன்றாக ஓடும். அந்தச் சமயத்தில் வண்டியைப் பத்து நாள் பட்டறையில் போட்டால் வருஷமே போயிற்று. ஆகவே, சேலத்தில் பெட்டிகளை இறக்கிவிட்டு, வாடகைப் பணத்தோடு தோட்டையும் அங்கேயே அடகு வைத்து, திரும்பும் வழியில் வேலையை ஆரம்பித்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார்கள். தோடு ஒரு சின்னத் துணியில் முடிந்து அவள் பைக்குள் இருந்தது.

"விருத்தாசலத்துலே வெச்சா தெரிஞ்சவங்க பார்ப்பாங்கக்கா" என்றாள்.

எதிர்ச்சாரியில் ஒரு சின்னப் பட்டறை. அங்கிருந்து ஒரு வயதான மேஸ்திரி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். வந்தவர் ஸ்பானரை எடுக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்து, "தினம் யாரு தண்ணி ஊத்துறது?" என்று கேட்டார்.

"நாந்தாங்க" என்றாள் அவள்.

"எவ்வளவு ஊத்துறே?"

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு இவற்றோடு கடைசிப் பக்கங்களில் ஒரு தண்ணீர்க் கணக்கு! "சேலம் போயி வந்தா மூணு செம்பு. நெய்வேலி போயி வந்தா ஒண்ணு. மழையிலே போனா அதுவும் பாதிதான். போன மாசம் இவருக்குக் காய்ச்சல், மூணு நாள் வண்டி எடுக்கலே. மூணு நாளும் ஒரு சொட்டு குறையலே."

மேஸ்திரியின் முகம் மாறியது. நல்ல வைத்தியர் நோயாளியின் வாயிலிருந்து சரியான வார்த்தையைக் கேட்டுவிட்டால் ஒரு களை வருமே, அந்தக் களை.

"பக்கத்திலே தண்ணி டப்பா இருக்குதே, அதிலே எவ்வளவு ஊத்துவே?"

"அதிலே ஊத்துறதே இல்லீங்க. அது எப்பவும் விளிம்பு வரைக்கும் நிக்குது. ரோட்டிலே போறப்ப வழியுதுன்னுகூட இவரு சொல்லுவாரு. ரேடியேட்டருதான் காலையிலே காலியா இருக்கும்."

"ஊத்துறது இங்கே, ரொம்புறது அங்கே! ஏம்மா, இதை அந்தப் பட்டறையிலே சொன்னியா?"

"என்னை யாரும் கேக்கலீங்களே."

நேயர்களே, இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன்.

இன்ஜின் தொட்டால் சுடாத அளவு ஆறியதும், மேஸ்திரி தடித்த ஈரத்துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகித் திறந்தார். அதைக் கவிழ்த்து எங்களுக்குக் காட்டினார். அடியில் ஒரு ரப்பர் வளையம், ஒரு ஸ்பிரிங், நடுவில் பொத்தான் அளவில் ஒரு குட்டி வால்வு. ரப்பர், வெயிலில் காய்ந்த வடாம் மாதிரி விறைத்து, ஓரத்தில் வெடித்திருந்தது.

"குக்கரு கேஸ்கட்டு!" என்றாள் அவள்.

வாஸ்தவம். குக்கரேதான்! 1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் எலும்பையும் மிருதுவாக்கும் ஒரு பாத்திரத்தை லண்டன் ராயல் சொஸைட்டியில் காட்டினார். ஆவியை வெளியே விடாமல் மூடி வைத்தால் தண்ணீரின் சூடு வழக்கமான எல்லையைத் தாண்டும் என்பதுதான் அதன் ரகசியம். நம் வீட்டுக் குக்கருக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி. குக்கருக்குள் சூடு சுமார் 120 டிகிரி வரை போகிறது. பருப்பு சீக்கிரம் வேகிறது. ரேடியேட்டர் மூடியும் கிட்டத்தட்ட அதே அழுத்தத்தைத்தான் பிடித்து வைக்கிறது. ஆனால் காரணம் வேறு. குக்கரில் பருப்பு வேக வேண்டும். வண்டியில் தண்ணீர் கொதிக்காமல் இருக்க வேண்டும்.

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. தண்ணீர் சூடேறினால் விரியும். விரிந்தது, மூடியின் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு ஒரு சின்னக் குழாய் வழியாகப் பக்கத்து டப்பாவுக்குப் போகும். இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் ஏற்படும். அப்போது அந்தக் குட்டி வால்வு திறந்து, போன தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். போவதும் வருவதுமாக ஒரு சொட்டும் நஷ்டமில்லை. இந்த வண்டியிலோ, வெடித்த ரப்பர் அழுத்தத்தைப் பிடிக்கவில்லை. பாரம் ஏற்றி நெடுந்தூரம் போனால் தண்ணீர் சீக்கிரமே கொதித்து டப்பாவுக்கு ஓடியது. டப்பா நிறைந்து ஓடும் ரோட்டில் வழிந்தது. ஆறும்போது, வெடிப்பு வழியாகக் காற்று உள்ளே புகுந்துவிட்டதால், டப்பாத் தண்ணீர் திரும்பவே இல்லை. வீட்டில் நிற்கும்போது தரை ஏன் உலர்ந்திருந்தது, சேலத்துக்கு ஏன் மூன்று செம்பு, நெய்வேலிக்கு ஏன் ஒன்று என்பதெல்லாம் இப்போது விளங்கியதல்லவா? அந்த நோட்டில் வியாதி முழுவதும் எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை.

மேஸ்திரி அத்தோடு விடவில்லை. "இத்தனை நாள் சூடு ஏறியிருக்குது. ஹெட்டும் கெட்டிருக்குதான்னு பார்த்துடணும். சந்தேகத்தைப் பாக்கி வெச்சு அனுப்பக் கூடாது" என்றார். அந்தப் பெண் துணி முடிச்சைப் பைக்குள்ளேயே இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் செய்ததை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் அது பால் விட்ட காபி போல வெளுத்திருக்கும். இது கறுப்பாக இருந்தது. பிறகு ரேடியேட்டரை நிரப்பி, மூடியைப் போடாமலே, ஆறிய இன்ஜினை ஓட விட்டார். ஹெட் கேஸ்கட் போயிருந்தால் உள்ளே எரியும் வாயு தண்ணீருக்குள் புகுந்து, குமிழி குமிழியாக விடாமல் வரும். முதலில் நாலைந்து குமிழி வந்தது. எனக்கே திக்கென்றது. "அது உள்ளே தங்கின காத்து" என்றார் அவர். பிறகு தண்ணீர் அடங்கியது. கடைசியாகப் புகைக் குழாய் பக்கம் போய் நின்றார். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை மண்டிக்கொண்டு வந்தால், இன்ஜின் தண்ணீரைக் குடிக்கிறது என்று அர்த்தம். வெள்ளைப் புகை இல்லை.

"ஹெட்டு நல்லாருக்குது. இறக்க வேணாம்."

டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆடுகளைப் பார்க்கலானார்.

ஸ்பேர் கடையிலிருந்து புது மூடி வந்தது. பழைய மூடியின் தலையில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணும் புதியதின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று மேஸ்திரி இரண்டு தடவை சரிபார்த்தார். டப்பாவுக்குப் போகும் சின்னக் குழாயையும் மாற்றினார். ரேடியேட்டரின் முகத்தில் சோளச் சருகு அப்பிக் கிடந்ததை, இன்ஜின் பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சி வெளியே தள்ளினார். காற்று புகாத ஜன்னல் எதற்கு? கூலியும் சாமானுமாகச் சேர்த்து 600 ரூபாய்க்கு உள்ளேதான் ஆயிற்று.

போகும்போது அவளிடம் சில புத்திமதிகள் சொன்னார். வீட்டில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் அவை பொருந்தும். தண்ணீர் அளவை விடியற்காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். டப்பாவை மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு வைத்தால், காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று அது சாட்சி சொல்லும். ஹோஸ்களை அமுக்கிப் பார்க்க வேண்டும். விறைத்திருந்தாலும் கொழகொழத்திருந்தாலும் மாற்ற வேண்டும். குழாய் சேரும் இடங்களில் வெள்ளையாகவோ துருவாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிகிறது. வாட்டர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. அதில் சொட்டினால் பம்பின் உள்சீல் போகிறது. அந்தச் சீலிலும் அநேகமாக ஒரு பீங்கான் வளையம்தான் இருக்கிறதாம். விருத்தாசலத்துக்காரியிடம் இதைச் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வெறும் போர் தண்ணீரை ஊற்றினால், வெந்நீர் அண்டாவில் படிவது போல உள்ளே உப்புப் படியும். நல்ல தண்ணீரும் கூலண்ட்டும் அளவாகக் கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்தக் கூலண்ட் பார்க்க ஷர்பத் மாதிரி இருக்கும், ருசியும் தித்திப்பு. ஆனால் விஷம். குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எனக்கு வேறொரு பெண்மணியின் ஞாபகம் வந்தது. 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில், கார்ல் பென்ஸ் என்பவர் செய்த மோட்டார் வண்டியை, அவரிடம் சொல்லாமலே, அவர் மனைவி பெர்த்தா எடுத்துக்கொண்டு கிளம்பினாள். கூட இரண்டு பிள்ளைகள். மான்ஹைமிலிருந்து பிறந்தகமான ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அந்த வண்டியில் தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். வழியெல்லாம் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தாள். மோட்டார் வண்டியில் முதல் நெடும் பிரயாணம் செய்தவளே தண்ணீர் ஊற்றிக்கொண்டு போன ஒரு குடும்பப் பெண்தான்! அப்புறம் எப்படி இது ஆண்பிள்ளைகள் சமாசாரம் ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். முதலில் பார்த்த பட்டறைக்காரர் மோசக்காரர் என்று நான் நினைக்கவில்லை. வெளியே ஒழுகவில்லை என்றால் உள்ளே குடிக்கிறது என்று அவர் நினைத்தது அறிவான ஊகம்தான். ஆனால், தினம் காலையில் செம்போடு நிற்பவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டி விஷயத்தில் மட்டுமா இப்படி? குழந்தைக்கு எத்தனை நாளாக ஜுரம், மாமியாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, மாதக் கடைசியில் பணம் எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? தெரிந்தவள் பக்கத்திலேயேதான் நிற்கிறாள். அவளும், "நமக்கென்ன தெரியும்?" என்று வாயைத் திறப்பதில்லை. கேட்காதது ஒரு குற்றமென்றால், சொல்லாததும் அரைக் குற்றம்தான், சகோதரிகளே!

என் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, அவள் காதிலிருந்த வேப்பங்குச்சியை எடுத்துப் போட்டுவிட்டு, தோட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். டிரைவர் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினார். அவள் அவசரப்படவில்லை.

தை மாதம் ஒரு நாள் டெலிபோன் வந்தது. "அக்கா, அட்டையிலே சொட்டு! பம்புக்கு நேரா விழுந்திருக்குது. இன்னிக்கே காட்டப் போறோம்." குரலில் கவலை இல்லை, துப்பறிந்த சந்தோஷம்தான் இருந்தது.

"நோட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டு போ" என்றேன்.

"அதை இப்ப அவரே கேட்டு வாங்கிப் பார்க்கறாரு" என்றாள்.

டெலிபோனை வைத்துவிட்டு நேரே சமையலறைக்குப் போனேன். குக்கர் மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் வளையம், காய்ந்த வடாமாக, ஓரத்தில் வெடித்திருந்தது. இத்தனை நாள் பருப்பு வேகாததற்குப் பலசரக்குக் கடைக்காரரை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!